இன்டர்வல் விட்டுப் படித்த நாவல்

அந்தத் துப்பறியும் நாவலின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடி எடுத்துப் படிக்க நினைப்பார்கள். அதற்குள் பாதிக் கதையை நானே சொல்லிவிட்டிருப்பேன். அது நியாயமில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைத்து, முடிந்ததும் அட்டை போட்டு பைண்ட் செய்துகொண்டேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். கதைக்கு நடுவே கூந்தல் தைல விளம்பரமும் மாமியார் ஜோக்கும் அப்படியே இருக்கும். மலையில் ஒரு பங்களா. அதன் சொந்தக்காரர் ஒரு காலையில் சாய்வு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் பாதி குடித்த பால். வீட்டில் இருப்பவர்கள் இரண்டாம் மனைவி, அண்ணன் மகன், குடும்ப டாக்டர், கணக்குப்பிள்ளை, சமையல்காரம்மா. இவர்களில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். துப்பறிய வருகிறவர் யாரையும் மிரட்டமாட்டார். உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது என் பெட்டியில் இருந்த ஒரே கதைப் புத்தகம் அதுதான்.

அதை இரண்டு தடவை படமாக எடுத்தார்கள். முதல் படம் கறுப்பு வெள்ளை. நாவலில் கொலையாளியாக வரும் ஆளின் வேடத்தை, பெண்கள் கையெடுத்துக் கும்பிட்ட ஒரு நடிகர் போட்டிருந்தார். அவர் கொலை செய்தால் தியேட்டரைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்தார்களோ என்னவோ, பழியைத் தூக்கிக் கணக்குப்பிள்ளை மேல் போட்டுவிட்டார்கள். டூரிங் கொட்டகையில் கணவரோடு அதைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். இரண்டாவது படம் கலர். அதில் செத்தவருக்கு ஒரு இரட்டைப் பிறவியைச் சேர்த்து, அவனைக் கொலையாளி ஆக்கி, ஏரிக்கரையில் அவனுக்கு ஒரு பாட்டும் வைத்துவிட்டார்கள்.

என் மகன் இரண்டையும் பார்த்தவன். முதல் படத்தைக் கொட்டகையில் என் மடியில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டாவதை, பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு வாடகைக்கு வீடியோ டெக்கு எடுத்துப் போட்டபோது பார்த்தான். புத்தகத்தை மட்டும் தொடமாட்டான்.

"ரெண்டு படம் பாத்தாச்சு. இன்னும் புக்கு வேற எதுக்கும்மா?" என்பான்.

"ரெண்டுலயும் ஆள மாத்திட்டாங்கடா. நெசமா யாருன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

"நீ சொல்லிடேன்."

நான் சொல்லமாட்டேன். அவனும் படிக்கமாட்டான். வருஷக்கணக்காக இது நடந்தது.

இந்த வருஷம் ஐப்பசியில் அவனுக்கு அடிபட்டது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பெங்களூர் ரோட்டில் இருக்கும் ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருந்தான். வயது பத்தொன்பது. கிரைண்டிங் வீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்து முகத்தில் அடித்துவிட்டது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்தக் கம்பெனியின் போன் என் போர்டுக்குத்தான் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு அவசரமா லைன் குடுங்க, ஒரு பையனுக்கு அடிபட்டுப்போச்சு" என்றது ஒரு குரல். "லைனில் இருங்கள்" என்று சொல்லிவிட்டு இணைப்பைக் கொடுத்தேன். அடுத்த விளக்கு எரிந்தது. அதை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். பிறகு கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று என் பெயரைக் கேட்டார். யாருக்காக நான் லைன் கொடுத்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் குரல் 'லைனில் இருங்கள்' என்ற அந்த இரண்டு சொற்களில் நின்றுவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அழுகை வரவில்லை. யார் எது கேட்டாலும், லைனில் இருப்பவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னேன்.

ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கண் வார்டில் சேர்த்தோம். வலது கண் கிழிந்திருந்தது. தையல் போட்டார்கள். இடது கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அது தானாகக் கரைய வேண்டும். அதுவரை இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். தும்மக்கூடாது, இருமக்கூடாது, குனியக்கூடாது. "சிரிக்கவும் வேணாம். சிரிச்சா மறுபடி ரத்தம் கசியும்" என்றார் நர்ஸ். பார்வை வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கட்டப் பிரிச்சப்புறம்தாம்மா சொல்ல முடியும்" என்றார்.

பகலில் நான் இருந்தேன். ஷிப்ட் முடித்து வந்து இரவில் கணவர் இருந்தார். தினமும் பஸ்ஸில் வரும்போது செம்பரம்பாக்கம் ஏரி வரும். மழையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்ப்பேன். தண்ணீர் என்பதற்கு மேல் மனதில் ஒன்றும் ஓடாது.

வார்டில் எங்கள் ஊரைக் கேட்டதும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றால் நாட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான் ஞாபகம்.

"இன்னாக்கா, பையன் குண்டுல மாட்டிக்கினானா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். லாரி டிரைவர். முன்கண்ணாடி உடைந்து அவருக்கும் இரண்டு கண்ணிலும் கட்டு.

"இல்லைங்க. கம்பெனில."

"அப்ப சரி" என்றார். எது சரி என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் துப்பறிந்தார்கள். காகிள்ஸ் போட்டிருந்தானா? வீலை மாட்டியது யார்? பழைய வீலா, புது வீலா? சூப்பர்வைசர் எங்கே இருந்தார்? என் நாத்தனார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவனையே விசாரித்தாள். அவன், "தெரியல அத்த. சத்தம் கேட்டுச்சு, அவ்ளோதான்" என்றான். சூப்பர்வைசரும் சாத்துக்குடியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, தான் அப்போது ஆபீஸ் ரூமில் இருந்ததாகச் சொன்னார். எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்குப் பொழுது போகவில்லை. ரேடியோவில் காமெடி வந்தால் நர்ஸ் நிறுத்திவிடுவார். "கொலைக்கதை ஏதாச்சும் படிச்சிக் காட்டுங்கம்மா. அதுல யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று அவர்தான் சொன்னார். மறுநாள் அந்த பைண்ட் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"அந்தப் புக்கா?" என்றான். அட்டையைத் தடவிப் பார்த்தான். "சரி, படி. இப்ப ஓட முடியாதில்ல."

பிணம் நாற்காலியில் இருந்ததை நான் படித்து முடிப்பதற்குள் டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, இது அந்தப் படமாச்சே! கணக்குப்பிள்ளதான் ஆளு. நான் எட்டு வாட்டி பாத்துக்கீறேன்."

"கணக்குப்பிள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றது எதிர்க் கட்டில். நெல் உமி பட்டுக் கண்ணில் புண் வந்த ரைஸ் மில்காரர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வார்டின் அந்த மூலையில் ஒற்றைக் கண்ணாவது கட்டில்லாமல் இருந்தது அவருக்குத்தான். "செத்தவருக்கு ரெட்டைப் பிறவி ஒருத்தன் உண்டும்லா. அவன் சோலிதான்."

"யோவ், ரெட்டப் பொறவியா? எந்தப் படத்தச் சொல்றே நீ?"

"கலர்ல வந்துச்சுல்லா. நீரு கட்டு அவுத்தப்புறம் போயிப் பாரும்வே."

"கட்டு அவுத்தா மொதல்ல உன் மூஞ்சியதான் பாக்கணும். அத்த நெனச்சாதான் பயமாக்கீது."

என் மகன் உதட்டை இறுக்கிக்கொண்டு வயிறு குலுங்கினான். நான் பதறி அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, சிரிக்க வைக்காதீங்கண்ணே" என்றான் கட்டுக்குள்ளிருந்து. அதற்குப் பிறகு நான் படிக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதில்லை என்று ஒப்பந்தமானது.

ஆனால் டிரைவருக்கு இன்டர்வல் வேண்டும். "எந்தக் கதயா இருந்தாலும் நடுவுல ஒண்ணு உடணும்க்கா. அப்பதான் டீ எறங்கும்." அதனால் டீக்காரர் வரும் நேரம் பார்த்து, ஏதாவது ஒரு கதவு திறக்கும் இடத்தில் நிறுத்துவேன். "இன்டர்வல்" என்று டிரைவரே அறிவிப்பார். டீ குடித்துக்கொண்டே, இந்த இடம் படத்தில் எப்படி வந்தது என்று சொல்வார். எந்தக் கொட்டகையில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அப்போது யார் விசில் அடித்தார்கள் என்பதோடு சேர்த்துத்தான் சொல்வார். ரைஸ் மில்காரர் கலர்ப் படத்தில் வருவதைச் சொல்வார். மூன்று கதைகளும் ஒரே பங்களாவில் ஒரே சமயத்தில் நடந்தன. நான் படித்ததோ, எனக்கே கேட்டது, டிரங்க் கால் நம்பர் படிப்பதுபோல் இருந்தது. ரத்தம் என்ற சொல்லும் பால் என்ற சொல்லும் என் வாயில் ஒரே மாதிரி வந்தன.

கட்டுப் பிரிக்கும் நாள் தள்ளிப் போனது. ரத்தம் முழுக்கக் கரையவில்லை, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். அன்று புத்தகத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

டாக்டர் போனதும் மகன் கையை நீட்டித் துழாவினான். நான் கையைக் கொடுத்தேன்.

"கடசி அத்தியாயத்தப் படிக்காதம்மா. வெச்சிடு."

"ஏன்டா?"

"நான் படிச்சிக்கிறேன்."

நாலு வரி படித்தால் தூக்கம் வருகிறது என்று பத்தொன்பது வருஷம் சொன்ன பிள்ளை. நான் "சரி" என்றேன்.

மறுநாள் கடைசிக்கு முந்தின அத்தியாயமும் முடிந்தது. துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்கிறார். அதோடு நிற்கிறது. டிரைவர் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "உடாதக்கா, ஓட்டு." அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கடைசி அத்தியாயம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அவன் கண் தெரிந்தால்தான் கடைசி அத்தியாயம் என்று இத்தனை பேர் நடுவே, அவன் காதுபடச் சொல்ல வேண்டும். அந்தத் 'தெரிந்தால்' என்ற சொல்லை என்னால் சொல்ல முடியாது.

பக்கத்தைத் திருப்பாமலே ஆரம்பித்தேன். "அப்போது ஜன்னல் வழியாக அவர் ஒரு ஆளைக் கண்டார். தோட்டக்காரன்."

நாவலில் தோட்டக்காரனே கிடையாது.

அவன் கிணற்றடியில் நின்றான். சட்டை ஈரமாக இருந்தது. கிணற்றுக்கு மூன்று படி, நடுப்படி உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு கொய்யா மரம். அவன் தண்ணீர் இறைக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. சும்மா நின்றான். பங்களாவையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியே எவ்வளவு நேரம் சொன்னேனோ.

"இரு இரு யக்கா" என்றார் டிரைவர். "தோட்டக்காரன்னு யாரும் கெடையாதே. எட்டு வாட்டி பாத்துக்கீறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "படத்துல எல்லாத்தையும் வெட்டிருவான்வே. புத்தகம்னா அப்படித்தான், நெறைய ஆளு வருவாங்க. நீங்க படிங்கம்மா."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் ஒற்றைக் கண்ணால் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரமாக நான் பக்கம் திருப்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் தோட்டக்காரன் வந்தான். சமையல்காரம்மாவிடம் ஒரு வாய் மோர் கேட்டான். அண்ணன் மகனின் செருப்பைத் துடைத்து வைத்தான். டாக்டரின் கார் வந்தால் மட்டும் கொய்யா மரத்துக்குப் பின்னால் போய்விடுவான். வார்டு முழுக்க அவன் மேல் சந்தேகம் விழுந்தது. டீக்காரர்கூடத் தம்ளர் எடுக்க வரும்போது, "தோட்டக்காரன் மாட்டினானா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மகன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இன்டர்வலில்கூடப் பேசாமல் படுத்திருந்தான். அவன் நம்பிக்கையை விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

டிரைவர் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். அவருக்குப் பார்வை வந்துவிட்டது. மனைவி பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்க, என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஆள மட்டும் சொல்லிடுக்கா. மண்ட வெடிச்சிடும்." அவர் காதில் நாவலின் உண்மையான கொலையாளி யார் என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அதைச் சொன்னது அவர் ஒருவரிடம்தான்.

"போக்கா" என்றார். "அவுரு அப்டி செய்ய மாட்டாரு." நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு செய்துகொண்டு, சிரித்தபடி போனார். போகும்போது என் மகனின் காலைத் தட்டி, "தம்பி, தோட்டக்காரன் மேல ஒரு கண்ணு வெய்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கட்டுப் பிரித்த அன்று கணவரும் இருந்தார். திரையை இழுத்துவிட்டார்கள். முதலில் வலது கண். டாக்டர் டார்ச் அடித்தார். "என்ன தெரியுது?" "ஒண்ணும் இல்ல சார்." மறுபடி அடித்தார். "இல்ல சார்." டாக்டர் அந்தக் கண்ணை மூடிவிட்டு இடது கட்டை எடுத்தார். அவன் இமை பிரிய வெகு நேரம் ஆனது.

"மஞ்சளா கீது" என்றான். வீட்டில் அப்படிப் பேசினால் நான் திருத்துவேன். "நடுவுல ஏதோ ஆடுது."

"எத்தன வெரல்?"

"வெரலா அது?" என்றான். பிறகு, "ரெண்டு."

வலது கண் போய்விட்டது என்றும், இடது கண் மெல்லத் தெளியும், ஆனால் எவ்வளவு தெளியும் என்று இப்போது சொல்ல முடியாது, ஜனவரியில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். கணவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டேன், தலையாட்டினேன், எந்தச் சொட்டு மருந்தை எப்போது போட வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். நன்றி சொன்னேன். லைனைத் துண்டித்தேன் என்று எழுதவந்துவிட்டேன். உண்மையில் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது டிசம்பர். வீட்டில் இருக்கிறான். கம்பெனியிலிருந்து ஆள் வந்தால் என் கணவர் பேசுகிறார். நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். போர்டில் ஒவ்வொரு விளக்கு எரியும்போதும், எடுப்பதற்கு முன் என் கை கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவன் பின்கதவுப் படியில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தப் புத்தகம் முகத்துக்குக் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தது. தலையை வரிக்கு வரி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி அத்தியாயத்தை அல்ல. பக்கங்கள் எல்லாம் வலது பக்கம் தடியாக இருந்தன. முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் உலை வைத்தேன்.

நேற்று சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, தோட்டக்காரன் எங்க வரான்?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "எது வரைக்கும் படிச்சிருக்க?"

"எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிடறாரே, அது வரைக்கும். அவன் வரவேயில்ல."

"இல்லடா" என்றேன். "அவன் அதுல இல்ல."

"எனக்கு ஆஸ்பத்திரிலயே தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் இடது கண் என்னை நேராகப் பார்க்கவில்லை. சற்றுப் பக்கமாகப் பார்த்தது. அப்படிப் பார்த்தால்தான் தெரிகிறதாம்.

"நடுப்படி ஒடஞ்ச கெணறு எங்க கீது? கொய்யா மரம் எங்க கீது? நம்ம வூட்டுப் பின்னாலதான். அது மட்டும் இல்ல. நீ புக்கு படிக்கிறப்ப எக்ஸ்சேஞ்ச்ல பேசற மாதிரியே படிச்ச. அவன் வந்தப்ப மட்டும் நடுவுல எச்சி முழுங்கினே. மூச்சு வாங்கினே. அப்பதான் நீ பேசற மாதிரி இருந்துச்சு. அதான் ஒண்ணும் கேக்கல."

அவன் ஒன்றும் கேட்காமல் படுத்திருந்த அந்த நாட்களை நினைத்தேன். களைந்த தண்ணீரைக் கொட்டினேன். மறுபடி தண்ணீர் பிடித்தேன்.

"கடைசி அத்தியாயம்?" என்று கேட்டேன்.

"ஜனவரிக்கப்புறம். டாக்டர் பாத்து இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு." பிறகு வாசல் கட்டையில் சாய்ந்துகொண்டான். "அத வுடு. தோட்டக்காரன் கதைய நீ முடிக்கவேயில்லயே. அவன் இன்னாதான் பண்ணான்? எதுக்கு அங்க நின்னுட்டு இருந்தான்?"

எனக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் ஆன நாளில், சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில், அவனை நான் கிணற்றடியிலேயே ஈரச் சட்டையோடு நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

"உக்காரு" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்."

அவன் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.